முப்பத்தொரு மகா பாடகர்கள்

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நகர மண்டபத்து மேடையில் ஏறி, தன் ராக் குழுவோடு நாலு பாட்டுப் பாடிவிட்டு இறங்க வேண்டும். அவ்வளவுதான். நாலு வருஷமாகக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பிரித்துப் போட்ட மெஷின்களுக்கு நடுவே பயிற்சி செய்த குழு அது. மனைவி டிரம்ஸ். மனைவியின் தம்பி கிட்டார். பாடுவது மெக்கானிக். கேட்பது ரிப்பேருக்கு வந்த மெஷின்கள். பாதியில் எழுந்து போகாத ரசிகர்கள் என்று மச்சினன் அவற்றைப் பெருமையாகச் சொல்வான்.

மண்டபத்து மேனேஜர் நல்ல மனிதர். தேதியைக் கொடுத்தார், மைக் இருக்கிறது என்றார், நாற்காலி போடுவதாகச் சொன்னார். கடைசியில், போகிற போக்கில் கேட்பதுபோல, "லீட் சிங்கர் சான்றிதழ் ஒரு காப்பி குடுத்துடுங்க" என்றார்.

"அப்படின்னா?"

"மேடையில முன்னாடி நிக்கிற ஆள் வாரியத்துல பாஸ் பண்ணியிருக்கணும் சார். நான் போட்ட சட்டமா? போய் வாங்கிட்டு வாங்க."

திங்கட்கிழமை காலையில் மெக்கானிக் முன்னணிப் பாடகர் தகுதி வாரியத்துக்குப் போனார். அரை நாள் வேலை என்று நினைத்தார் பாவம். கடையில் ஒரு வாடிக்கையாளரின் மெஷினைத் திறந்தபடி போட்டுவிட்டு, மத்தியானம் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வரவேற்பில் இருந்த கிளார்க் முதலில் அவருடைய போனை வாங்கி ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டார். பிறகு பதினெட்டுப் பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார். முடியின் நீளம், நனைந்த நிலையிலும் காய்ந்த நிலையிலும். கறுப்புக் கண்ணாடிகளின் எண்ணிக்கை. மைக் ஸ்டாண்டில் சாயும் கோணம். ரசிகர் மயங்கி விழுந்த சம்பவங்கள், சாட்சிகளின் கையொப்பத்தோடு. மெக்கானிக் படிவத்தைப் பின்னாலிருந்தும் ஒரு முறை புரட்டிப் பார்த்தார்.

"குரலுக்குக் கட்டம் எதையும் காணோமே சார்."

"குரலா?" கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "குரல், பாட்டு, சுருதி எல்லாம் நம்மகிட்ட வராது. அது சத்தக் கட்டுப்பாட்டுத் துறை. நாங்க லீட் சிங்கரை மட்டும்தான் பார்ப்போம்."

மூன்றாம் பக்கத்தில் 'இளமைக்காலத் துயரம்' என்று ஒரு பகுதி. குறைந்தது ஒன்று கட்டாயம். மெக்கானிக் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா அடிச்சாரா?" என்று கிளார்க் பரிவோடு எடுத்துக் கொடுத்தார்.

"இல்ல சார். சைக்கிள் வாங்கிக் குடுத்தார்."

"அம்மா?"

"நல்லா இருக்காங்க. நேத்துகூட பேசினேன்."

"நாய் ஏதாவது செத்துச்சா? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"நாய் வளர்க்கல சார்."

"அப்ப அதையே எழுதுங்க. நாய் வளர்க்க விடல. மனசு உடைஞ்சு போச்சு."

எழுதினார். மனிதர் உதவி செய்கிறாரே என்ற நன்றியில், கிளார்க் சொன்னதையெல்லாம் எழுதினார். பாடல்களை இயற்றியவர் யார் என்ற இடத்தில் 'விண்ணப்பதாரர்' என்று எழுதச் சொன்னார், எழுதினார். குடும்ப நிலை என்ற இடத்தில் 'எதற்கும் கட்டுப்படாதவர், தனியர்' என்று எழுதச் சொன்னார். அங்கே மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. "எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க" என்றார் கிளார்க். அதையும் எழுதிவிட்டார். எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் போதும், நம் ஆள் கிணற்றில்கூட இறங்கிப் பார்ப்பார்.

படிவத்தைக் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். கதவு பூட்டியிருந்தது.

"கோப்பு திறந்தாச்சு சார். இனி கோப்பு மூடுற வரைக்கும் நீங்க உள்ளதான்."

"நான் சாயங்காலம் வந்து பார்க்கிறேனே. கடையைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கேன்."

"வெளிய விட்டா நீங்க பயிற்சி பண்ணிடுவீங்க. மதிப்பீடு கெட்டுடும். இதுவரைக்கும் எத்தனை பேர் எங்களை அப்படி ஏமாத்தியிருக்காங்க தெரியுமா?"

இப்படியாக மெக்கானிக் வாரியத்தின் மூன்றாம் மாடியில், கட்டில் ஒன்றும் முழு உயரக் கண்ணாடி நான்கும் உள்ள அறையில் அடைபட்டார். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் அவரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை இவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்துப் பழக்கமில்லாததால் முதல் நாள் அவருக்குத் தூக்கமே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை தாமதத் தேர்வு. பத்து மணி என்று போட்டிருந்தது. ஒன்பது ஐம்பத்தைந்துக்கே போய் நின்றார். சொன்ன நேரத்துக்கு வருகிற மெக்கானிக் என்று தெருவில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அது அவருடைய தொழிலில் எவ்வளவு அபூர்வம் என்று மெஷின் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். தேர்வு அதிகாரிக்கு அது பெருமையாகப் படவில்லை.

"லீட் சிங்கர் நாற்பது நிமிஷம் தாமதமா வரணும். முப்பத்தொன்பது நிமிஷம் வந்தா அது போக்குவரத்து நெரிசல். நாற்பத்தொண்ணு ஆனா அது அலட்சியம். நாற்பதுதான் மகத்துவம். மத்தியானம் மறுபடி வாங்க."

மத்தியானம் இரண்டு மணித் தேர்வுக்கு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படியில் உட்கார்ந்திருந்து, சரியாக இரண்டு நாற்பதுக்குக் கதவைத் தட்டினார். உள்ளே யாரும் இல்லை. அதிகாரி நாலு மணிக்கு ஏப்பம் விட்டபடி வந்தார். அதிகாரி வருவதற்கு முன்பே வந்துவிட்டதால் மெக்கானிக் ஒரு மணி எண்பது நிமிஷம்... இல்லை, கணக்கு அவருக்கே குழம்பிவிட்டது, எப்படியோ முன்கூட்டி வந்ததாகப் பதிவாயிற்று. மூன்றாவது முறை அதிகாரியே வரவில்லை. அதனால் பாஸ்.

புதன்கிழமை இயக்குநர் உரை. வாரியத்து அலுவலர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். விண்ணப்பதாரர் என்று இருந்தது மெக்கானிக் ஒருவர்தான். அவருக்கு நாற்காலி போட மறந்துவிட்டார்கள். இயக்குநர் குட்டையான, மழமழவென்று சவரம் செய்த மனிதர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"வாரியம் வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல என்ன நிலைமை? யார் வேணும்னாலும் முன்னாடி நின்னு பாடலாம். ஜனங்க கேட்டாங்க. கேட்டு, அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க, இவர் நல்லா பாடுறார், அவர் சரியில்லன்னு. எவ்வளவு பெரிய பொறுப்பு அது. அதை ஜனங்க தலையில சுமத்தலாமா? அந்தப் பாரத்தை நாங்க வாங்கிக்கிட்டோம். இருபத்திரண்டு வருஷத்துல முப்பத்தொரு மகா பாடகர்களை உருவாக்கியிருக்கோம். நம்ம சான்றிதழ் வாங்கின ஒருத்தர்கூட இன்னைக்கு வரைக்கும் மேடையில ஒரு ஸ்வரம் தப்பாப் பாடினது கிடையாது. ஒரு ரசிகர்கூட அவங்களைப் பத்திப் புகார் குடுத்தது கிடையாது. ஏன்னு யோசிச்சிருக்கீங்களா?"

மெக்கானிக் யோசித்தார்.

"சார், அவங்க இப்ப எங்க பாடிட்டிருக்காங்க?"

அலுவலர்கள் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தார். "பாடினாத்தானே தப்பு வரும்?" என்றார். "இன்னொண்ணும் சொல்றேன். எனக்குப் பாட்டே பிடிக்காது. சின்ன வயசுலேருந்தே தலைவலி வந்துடும். அதனாலதான் என்னால நடுநிலையோட இருக்க முடியுது." எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் நாலு பேர் தாளம் தப்பியதை மெக்கானிக் கவனித்தார். சொல்லவில்லை. சனிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

வியாழக்கிழமை சண்டைத் தேர்வு. இதுதான் பெரிய தேர்வு, நூறு மதிப்பெண். உலகத்தில் எந்த மகா பாடகரும் தன் குழுவோடு சண்டை போட்டுப் பிரியாமல் இருந்ததில்லை. ஆகவே சண்டை போட்டுப் பிரிந்தவரே மகா பாடகர். இது வாரியத்தின் தர்க்கம். மனைவிக்கும் மச்சினனுக்கும் வாரியத்தின் தலைப்புத்தாளில் சம்மன் போயிருந்தது.

மூன்று நாள் கழித்து மனைவியைப் பார்த்ததும் மெக்கானிக் எழுந்து ஓடிவந்தார்.

"என்னங்க இது, ஜெயில் மாதிரி இருக்கு?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். "சாப்பிட்டீங்களா?"

"அதெல்லாம் இருக்கட்டும். சும்மா கொஞ்சம் சண்டை போட்டா போதும். நடிச்சுட்டுப் போயிடலாம்."

"அந்த வாடிக்கையாளர் வந்து கத்திட்டுப் போனார். மெஷினை நானே மாட்டிக் குடுத்துட்டேன்."

மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். ஒருவர் கையில் கடிகாரம். மணி அடித்தார்கள்.

"நீங்க... ரொம்ப சத்தமா பாடுறீங்க" என்றாள் மனைவி.

"நீ ரொம்ப சத்தமா வாசிக்கிற."

"சரி, நான் கொஞ்சம் குறைச்சுக்கிறேன்."

நடுவில் இருந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இது சண்டை இல்லம்மா. இது குடும்பம். மனசுல இருக்கிறதை எடுத்து வைங்க. எல்லா வீட்லயும் ஏதாவது இருக்கும். இந்தாங்க, இவர் குடுத்த படிவம். விவரம் சரியான்னு ஒரு தரம் பாருங்க, பேச வசதியா இருக்கும்."

அவள் படிவத்தை வாங்கினாள். நாயைப் பற்றிப் படித்தபோது உதட்டோரம் சிரிப்பு வந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பிறகு சிரிப்பு இல்லை.

"'இன்னும் ஒரு சுத்து' பாட்டை யாருங்க எழுதினது?"

மெக்கானிக் மேசையைப் பார்த்தார். அந்தப் பாட்டை அவள்தான் எழுதினாள். ரசீதுகளின் பின்பக்கத்தில், நாலு மாதம் எழுதி எழுதி அடித்தாள்.

"கிளார்க் அப்படி எழுதச் சொன்னார்..."

"கிளார்க் சொன்னா பொண்டாட்டி இல்லன்னுகூட எழுதிடுவீங்களா?"

"பதினோராம் பக்கம்" என்றார் அதிகாரி, உதவியாக.

பதினோராம் பக்கத்தை அவள் நிதானமாகப் படித்தாள். 'நீங்க' என்பது அங்கே முடிந்துபோயிற்று.

"தனியர். நாலு வருஷம் உன் பின்னாடி உக்காந்து வாசிச்சிருக்கேன். உனக்கு மூச்சு வாங்கினா நான் ஒரு அடி இழுத்துப் பிடிப்பேன். நீ வரி மறந்தா உருட்டி மூடுவேன். அது ஒண்ணுகூட உனக்குத் தெரியல, இல்ல?"

"எல்லாம் நமக்காகத்தானே. இந்தச் சான்றிதழ் இல்லாம மேடை ஏற முடியாது. இங்க நாலு நாளா நான் படுற அவஸ்தை எனக்குத்தான் தெரியும். உனக்கென்ன, நீ பின்னாடி உக்காந்திருப்ப. உன்னை யாரு பார்க்கப்போறா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. கடிகாரக்காரர் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். மனைவி படிவத்தை ஒழுங்காக மடித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். மச்சினன் ஒரு நிமிஷம் நின்றான். "அதைச் சொல்லியிருக்கக் கூடாது மாமா" என்று சொல்லிவிட்டு அவனும் போனான்.

தொண்ணூற்றேழு மதிப்பெண். வாரிய வரலாற்றிலேயே அதிகம். விண்ணப்பதாரர் மனைவியின் பின்னால் கதவுப் பக்கம் இரண்டு எட்டு ஓடியதற்காக மூன்றைக் கழித்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் கனத்த காகிதத்தில் சான்றிதழ் வந்தது. 'மகா முன்னணிப் பாடகர்' என்று பொன்னிற எழுத்து. மெக்கானிக் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். எப்படியாவது வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தாவது சமாதானம் செய்துவிட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

"மகா பாடகரைத் தனியா அனுப்ப முடியாது சார்" என்றார் காவலாளி. "குழு வந்து, 'எங்கள் பாடகரைப் பெற்றுக்கொண்டோம்'னு கையெழுத்துப் போடணும்."

"குழுவோட சண்டை போட்டாத்தானே சான்றிதழே குடுக்கிறீங்க?"

"ஆமா சார்."

"அப்புறம் எப்படி அவங்க வந்து கூட்டிட்டுப் போவாங்க?"

காவலாளி அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். "அது வேற பிரிவு சார்" என்று சொல்லி, சான்று பெற்றோர் கூடத்தின் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே முப்பத்தொரு பேர் இருந்தார்கள். நீளமான கூடம். நாற்காலிகள் எல்லாம் ஒரே வரிசை. இரண்டாவது வரிசையில் உட்கார யாரும் சம்மதிக்காததால் சுவரிலிருந்து சுவர்வரை பக்கவாட்டில் நெருக்கியடித்துப் போட்டிருந்தார்கள். முப்பத்தொரு பேரும் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறடி தள்ளிச் சுவர்தான் இருந்தது. பெரியவர் ஒருவர் பத்தொன்பது வருஷமாக இருக்கிறாராம். அவருடைய முடி முட்டிவரை வளர்ந்திருந்தது.

"யாராவது பாடுவீங்களா ஐயா, பொழுது போக?" என்று மெக்கானிக் கேட்டார்.

"யாருக்கு?" என்றார் பெரியவர். "இங்க கேக்கிற ஆள் யாரு இருக்கா?"

சுவரில் ஒரு போன் இருந்தது. ரசிகர்கள் அழைப்பதற்காக வாரியம் வைத்தது. வெளியே பேச வராது, உள்ளே வரும் அழைப்பு மட்டும். பெரியவருக்குத் தெரிந்து அது அடித்ததில்லை. மெக்கானிக் அன்று முழுவதும் கடைக்கோடி நாற்காலியில் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாடப் போன இடத்தில் பாட்டும் போயிற்று, பொண்டாட்டியும் போனாள். வாய்விட்டு அழலாம் என்றால் பக்கத்தில் இருந்தவர் அதையும் ஏதோ பாணி என்று உற்றுப் பார்த்தார்.

சனிக்கிழமை ஆறு அடித்து ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது.

முப்பத்தொரு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். ஆனால் ரசிகர் அழைத்தவுடன் எடுத்தால் மரியாதை போய்விடும் என்று ஒவ்வொருவரும் அப்படியே நின்றார்கள். மெக்கானிக் எடுத்துவிட்டார்.

"மாமா, நான்தான். சம்மன்ல 'ரசிகர் அழைப்பு'ன்னு இருந்த நம்பரை வெச்சுப் போட்டேன். மண்டபத்துல இருக்கோம். முன்னாடி நின்னு பாடுறவங்களுக்குத்தான் சான்றிதழ்னு மேனேஜர் சட்டத்தைப் பிரிச்சுப் பார்த்துச் சொல்லிட்டார். உக்காந்து பாடினா அந்தக் கணக்குல வராதாம். அக்காதான் பாடுறா, டிரம்ஸ்லேருந்தே. முன்னாடி யாரும் நிக்கல. முதல் பாட்டு முடிஞ்சுது. கூட்டம் எழுந்து நின்னு கத்துது மாமா."

மெக்கானிக் சுவரில் சாய்ந்துகொண்டார். "கோபமா இருக்காளா?"

"ரொம்ப. உங்களைக் கூப்பிடச் சொல்லல, நானாத்தான் கூப்பிட்டேன். அடுத்தது 'இன்னும் ஒரு சுத்து'. கோரஸுக்கு ஆளில்ல. என் குரல் லட்சணம் உங்களுக்கே தெரியும். போனை மைக் பக்கத்துல வைக்கிறேன். பாடுறீங்களா?"

பதில் வருவதற்குள் டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது. பிறகு அவளுடைய குரல். நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தும் அந்தக் குரலை முழுசாக அவர் கேட்டதே இல்லை. முன்னால் நின்று அவரே கத்திக்கொண்டிருந்தார். கொஞ்சம் கரகரப்பு, சிணுங்கல் இல்லை, ஒவ்வொரு வார்த்தையும் நேராக வந்து விழுந்தது. இவள்தான் பாடியிருக்க வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் வேடிக்கை.

கோரஸ் இடம் வந்தது. அவர் போனை வாயருகில் பிடித்துப் பாடினார்.

"இன்னும் ஒரு சுத்து... இன்னும் ஒரு சுத்து..."

அந்தப் பக்கம் ஒரு அடி தவறியது. அவள் அடி தவறி அவர் கேட்டதில்லை. அடுத்த அடி இரண்டு மடங்கு பலத்தோடு வந்தது. அது மன்னிப்பு இல்லை. ஆனால் போனை வை என்றும் அவள் சொல்லவில்லை. அடுத்த கோரஸுக்கு இடம் விட்டு வாசித்தாள். அவரும் பாடினார். அவளுடைய குரலுக்கு ஒரு படி கீழே, அதைத் தாங்குகிற மாதிரி.

காவலாளி ஓடிவந்தார். பின்னால் இயக்குநர், நெற்றியைப் பிடித்துக்கொண்டு. வாரியத்துக்குள் பாட்டுச் சத்தம் கேட்டதே அதுதான் முதல் தடவை.

"பாடினதுகூடப் பரவாயில்ல" என்றார் இயக்குநர். குரல் நடுங்கியது. "பின்பாட்டா பாடினீங்க?"

"ஆமா சார்."

"யாருக்கு?"

"என் பொண்டாட்டிக்கு."

இயக்குநர் விதிப்புத்தகத்தைப் பிரித்தார். பின்பாட்டுப் பாடிய மகா பாடகரின் தகுதி அந்த நிமிஷமே ரத்தாகும். தகுதி இல்லாதவர் வாரிய வளாகத்தில் ஒரு கணமும் இருக்கக் கூடாது. யாருடைய கையெழுத்தும் வேண்டாம். கோப்பை மூடி முத்திரை குத்தினார்கள். போன் பையைக் கையில் திணித்தார்கள். வாசல் கதவு, திங்கட்கிழமையிலிருந்து பூட்டியிருந்த அதே கதவு, விரியத் திறந்தது. வெளியே சாயங்கால வெயில், பஸ் சத்தம், ஜனங்கள்.

மெக்கானிக் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். முப்பத்தொரு பேரும் கூடத்திலிருந்து வந்து நடையில் நின்றுகொண்டிருந்தார்கள். திறந்த கதவை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரப் பார்வை இல்லை, நிஜமான பார்வை.

"வாங்களேன்" என்றார் மெக்கானிக். "ரெண்டு வரிதான். நான் முன்னாடி எடுத்துக் குடுக்கிறேன், நீங்க கூடச் சேர்ந்து பாடுங்க. இவங்களே வெளிய தள்ளிடுவாங்க. இல்லன்னா நீங்க எடுங்க, நான் பின்னாடி பாடுறேன். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பாடினா எல்லாரும் போயிடலாம்."

முட்டிவரை முடி வளர்ந்த பெரியவரின் உதடு மெல்ல அசைந்தது. கண் கலங்கியிருந்தது. பாடத்தான் போகிறார் என்று மெக்கானிக் நினைத்தார்.

"அந்தக் கோரஸ்ல" என்று பெரியவர் கேட்டார், "முன்னாடி நிக்கிறது யாரு?"

"கோரஸ்ல யாரும் முன்னாடி நிக்க மாட்டாங்க ஐயா. எல்லாரும் சேர்ந்துதான்."

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முடியை ஒரு பக்கமாக உதறிவிட்டு, தன் நாற்காலியை வேறு யாராவது பிடித்துவிடப் போகிறார்களே என்று வேகமாக உள்ளே நடந்தார். மற்ற முப்பது பேரும் அவரை முந்திக்கொள்ளப் பார்த்தார்கள்.